முதல் மடக்கு

இந்த ஏப்ரலுக்குள் அசரியா கிடைக்காவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அசரியா என் கணவர். தொண்ணூற்று நான்கில் கொல்லப்பட்டார். அதில் சந்தேகமில்லை. எங்கே கிடக்கிறார் என்பதுதான் தெரியாது.

தேடித் தேடிக் கை ஓய்ந்துவிட்டது. சிறையிலிருந்து யாராவது ஒருவன் சொல்லியனுப்புவான், "பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் குழியில பாருங்க" என்று. ஊர் மண்வெட்டியோடு வரும். தோண்டுவோம். யாராவது ஒருவர் கிடைப்பார், அசரியா கிடைக்கமாட்டார். அடுத்த வருஷம் இன்னொருவன், "சதுப்புல பாப்பிரஸ் புல் நிக்குதே, அங்க" என்பான். அங்கேயும் தோண்டினோம். தண்ணீர்தான் ஊறியது. மாலையில் குழியை மூடிவிட்டுத் தோண்டியவர்களுக்கு வாழைப்பழக் கள் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். அவர்களில் சிலர் அந்த நாட்களில் வெட்டுக்கத்தியோடு அலைந்தவர்கள். அவர்களுக்கும்தான் கொடுப்பேன். எங்கள் ஊரான இந்தக் குன்றில் வேறு யார் மீதி, தோண்ட?

ஏப்ரலில் புதிய நினைவிடத்தில் சவப்பெட்டிகளை உள்ளே வைத்துச் சிமென்ட் பூசி மூடப்போகிறார்கள். அதற்குள் கிடைத்தால் அவருக்கும் ஒரு பெட்டி. கிடைக்காவிட்டால் சுவரில் ஒரு பெயர்.

தலைநகர் கிகாலியில் வேலை பார்க்கும் என் மகன் போனில் சொன்னான்: "போதும்மா. நீ இங்க வந்துரு. அப்பா எங்க கிடந்தாலும் நம்ம நாட்டு மண்ணுலதான் கிடக்கார்."

"நாட்டு மண்ணு ரொம்பப் பெருசுடா," என்றேன். "எனக்கு ஒரு பெட்டி அளவு போதும்."

அவன் போனை வைத்துவிட்டான். அவனுக்கும் அலுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு மெல்கியோரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அசரியாவும் அவனும் ஒரே பானையில் இரண்டு நாணல் குழல் போட்டுக் கள் குடித்தவர்கள். மெல்கியோர் கல்யாணத்துக்கு அசரியா ஒரு கிடாரி கொடுத்தார். எங்கள் பக்கம் மாடு கொடுத்தவன் கூடப் பிறந்தவனுக்கும் மேலே. யாராவது பெரிய சத்தியம் செய்ய வேண்டுமென்றால், எனக்கு மாடு கொடுத்தவன் மேல் ஆணை என்பார்கள். சாமி பெயரில் பொய் சொல்கிறவனும் அந்த ஆணையில் பொய் சொல்லமாட்டான்.

நாங்கள் துத்சி, அவர்கள் ஹூட்டு. இப்போது இந்த இரண்டு சொல்லையும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அப்போது வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போன அடையாள அட்டையில் அச்சடித்து எல்லோர் சட்டைப்பையிலும் இருந்தது. எழுபத்து மூன்று கலவரத்தில் என் மாமனாரை மெல்கியோரின் அப்பாதான் தன் மாட்டுத் தொழுவத்தில், தீவனப் புல்லுக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வந்த காலம் வேறு. முன்பே நாட்டை விட்டு ஓடிய எங்கள் ஆட்கள் துப்பாக்கியோடு திரும்பிவரப் போர் வந்தது. காப்பி விலை விழுந்தது. மெல்கியோருக்கு இருந்தது ஒரு கீற்று நிலம், அதை நம்பி ஐந்து வாய். மேயர் கூட்டம் போட்டு, "அவனுங்க திரும்பி வந்தா உங்க நிலம் எல்லாம் போச்சு" என்றார். ரேடியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்களைக் கரப்பான்பூச்சி என்றது, நடுநடுவே நல்ல பாட்டுப் போட்டது. பாட்டுக்காக நாங்களும் கேட்டோம். பிறகு ஒருநாள் ஜனாதிபதியின் விமானம் விழுந்தது. மறுவாரம் எங்கள் குன்றில் கொலைக்கு 'வேலை' என்று பெயர் வந்துவிட்டது. விடிந்ததும் விசில் ஊதுவார்கள், ஆண்கள் வேலைக்குப் போவார்கள். நன்றாக வேலை செய்கிறவனுக்குச் செத்தவனின் தோட்டம்.

நான் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு புருண்டி எல்லைப் பக்கம் ஓடினேன். அசரியா மாடுகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார். வரவில்லை.

புல்தரையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி விசாரித்த வருஷங்களில் மெல்கியோர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். சாலைத்தடையில் அட்டை பார்த்து ஆள் பிடித்தது, தபால்காரரை வெட்டியது, எங்கள் வாழைத்தோப்பை எடுத்துக்கொண்டது. நான் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அசரியா எங்க?"

"வேற ஊர்க்காரனுங்க பிடிச்சுட்டுப் போனாங்க அண்ணி. அகன்யாரு ஆத்துல போட்டாங்கன்னு கேள்வி. எனக்கு மாடு குடுத்தவன் மேல ஆணை, நான் அவனைப் பார்க்கவேயில்ல."

கூட்டம் அந்த ஆணையை ஏற்றுக்கொண்டது. நானும் உட்கார்ந்துவிட்டேன். சிறை முடிந்து அவன் வந்த பிறகு நான் தோண்டாத இடம் இல்லை, அவன் வீட்டைத் தவிர. அந்த ஆணைக்குப் பிறகு அங்கே மண்வெட்டியோடு போவது அவனை நாய் என்று சொல்வதற்குச் சமம்.

அவன் மனைவி ஸ்பெசியோசா. குன்றிலேயே நல்ல கள் வடிப்பவள். அவன் சிறையிலிருந்த வருஷங்களில் நானும் அவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். எனக்கு மலேரியா வந்தபோது கஞ்சி கொண்டுவந்தாள். கொடுக்கும் முன் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் கொடுப்பவர் முதல் மடக்கைத் தான் குடிக்க வேண்டும், விஷமில்லை என்பதற்கு. அவள் மகள் உவிசேயெ அந்த வருஷங்களில் என் மடியில்தான் பாதி வளர்ந்தாள்.

அந்த உவிசேயெவைத்தான் பெண் கேட்டு வந்தார்கள், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம்.

பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் நாற்காலி. பெண்வீட்டு மூத்தவர்கள் வரிசையில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பசு வாசலில் கட்டியிருந்தது. அவர்கள் தரப்பில் பேச வந்தவர் கமாலியேல் என்ற தொந்திக்காரர். கல்யாணம் பேசுவதே அவருக்குத் தொழில். வழக்கப்படி எங்கள் தரப்புக்காரர் அவரைச் சீண்டினார்.

"பொண்ணா? எங்க வீட்டுல பொண்ணே இல்லையே. நீங்க வழி தப்பி வந்துட்டீங்க போல."

"இல்லாத பொண்ணுக்கா இவ்வளவு பெரிய பந்தல்?" என்றார் கமாலியேல். "எங்க பசு உங்க வாசலைப் பார்த்ததும் நின்னுடுச்சு. மாட்டுக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியல!"

சிரிப்பு. நானும் சிரித்தேன். காலையிலிருந்து இடுப்பு வலி, இருந்தாலும் அந்தப் பெண்ணுக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"பேசிப் பேசி நாக்கு வறண்டுபோச்சு," என்றார் கமாலியேல். "இந்த வீட்டுல தாகத்துக்கு ஏதாவது உண்டா, இல்ல அதுவும் பொண்ணு மாதிரி இல்லைதானா?"

கள் வந்தது. அந்த வருஷம் கள்ளுக்கே பஞ்சம். வாடல் நோய் வந்து குன்று முழுக்க, நோய் கண்ட வாழையை வேரோடு பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்பெசியோசாவின் தம்பி கசியான், அடுத்த குன்றுக்காரன், அக்கா மகளுக்குத் தன் சீர் என்று கள்ளைத் தானே வடித்து அன்று காலை பானை பானையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

ஸ்பெசியோசா சுரைக்குடுக்கையில் மொண்டு எடுத்து வந்தாள். பெண்ணின் அம்மா முதல் மடக்கைக் குடித்துவிட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவள் குடுக்கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கசியானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்கா, வாசனை எப்படி? ஊரெல்லாம் வாழை செத்துக் கிடக்கு, இவன் எங்க பழம் புடிச்சான்னு பார்க்கறியா? உன் தொழுவத்துக்குப் பின்னாலயே புதையலை வெச்சுக்கிட்டுச் சந்தையில அலைஞ்சிருக்கீங்க! நீங்க துணி எடுக்க ஹூயே டவுனுக்குப் போன அன்னைக்கு வந்து நாந்தான் வெட்டினேன். ஒவ்வொரு தாரும் ஒரு ஆள் கனம். வருஷக்கணக்கா யாருமே வெட்டல போல. காக்காவுக்கா வளர்த்தீங்க?"

குடுக்கை அவள் உதட்டருகில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"என்ன சம்பந்தி," என்றார் கமாலியேல். "குடிக்கறதுக்கு முன்னால ஜெபம் நீளமா இருக்கே!"

கொஞ்சம் சிரிப்பு. ஸ்பெசியோசா குடுக்கையை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். கள் விளிம்பில் வழிந்தது. உதடு திறக்கவில்லை.

பந்தலில் சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருப்பவள் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். கொடுப்பவள் குடிக்காத கள்ளுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"குடிடி," என்றான் மெல்கியோர். அவன் முகம் சாம்பலாகியிருந்தது.

"நீங்க குடிங்க," என்றாள் அவள்.

அவன் கை நீட்டவில்லை.

கமாலியேல் எழுந்துவிட்டார். "நாங்க வேடிக்கை பேசத்தான் வந்தோம். ஆனா இது வேடிக்கை இல்ல. பொண்ணைப் பெத்தவங்களே தொடாததை எங்க பெரியவங்களுக்குக் குடுப்பீங்களா?"

உள்ளே ஜன்னல் துணிக்குப் பின்னால் உவிசேயெ நின்றுகொண்டிருந்தாள். தலையில் மணிச்சரம், முகத்தில் ரத்தமில்லை. விஷம் வைக்கும் வீடு என்று பெயர் எடுத்தால் அந்தப் பெண்ணை இந்தக் குன்றில் மட்டுமல்ல, ஏழு குன்று தள்ளியும் யாரும் கட்டமாட்டார்கள்.

நான் எழுந்தேன். ஸ்பெசியோசாவுக்கு வயிறு சரியில்லை, பதற்றம், வேறொன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அவள் கள்ளை நான் எத்தனையோ வருஷமாகக் குடிக்கிறேன்.

"குடு இங்க," என்றேன். "நானும் இந்தப் பொண்ணுக்கு அம்மா மாதிரிதான். முதல் மடக்கை நான் குடிக்கறேன். உங்களுக்குச் சம்மதம்தான பெரியவரே?"

கமாலியேல் தலையசைத்தார். குடுக்கையை வாங்கி வாயில் வைத்தேன்.

ஸ்பெசியோசா அதை அறைந்து தட்டிவிட்டாள். குடுக்கை தெறித்துக் கள் என் மார்பிலும் செருப்பிலும் கொட்டியது.

"நீங்க குடிக்கக் கூடாதுக்கா! யாரு வேணா குடிக்கலாம், உங்க வாயில மட்டும் படக்கூடாது!"

"விஷம்!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் விழுந்தன. "அவளுக்குத்தான் வெச்சிருக்காங்க! பஞ்சாயத்துல கேள்வி கேட்டவளுக்கு விஷம்!" ஒருவன் கசியானின் சட்டையைப் பிடித்தான். கசியான், "நானே ஒரு வாரமா ருசி பார்த்துட்டுத்தான் இருக்கேன், செத்தா போயிட்டேன்?" என்று அலறினான்.

நான் ஸ்பெசியோசாவைப் பார்த்தேன். விஷம் வைத்தவளின் கண் அதுவல்ல. அவள் என் செருப்பில் வழிந்த கள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் புதுச்சேலைத் தலைப்பால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். நான் மட்டும் கூடாது.

வருஷக்கணக்கா யாருமே வெட்டல என்று கசியான் சொன்னது மறுபடி காதில் கேட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மெல்கியோர்," என்றேன். "தொழுவத்துக்குப் பின்னால அந்த வாழையை நட்டது யாரு?"

கசியானின் சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். வாசலில் பசு மட்டும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"அசரியா உன் வீட்டுக்குத்தான் வந்தாரா?"

"தொழுவத்துக்கு வந்தான் அண்ணி," என்றான். பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல் தரையைப் பார்த்துச் சொன்னான். "நான் கூப்பிடல. அவனே வந்து புல்லுக்கடியில படுத்துக்கிட்டான். உங்கப்பா எங்கப்பாவைக் காப்பாத்தினார்ல, நீ என்னைக் காப்பாத்துன்னான். மாட்டையெல்லாம் எனக்கே தர்றேன்னான். மறுநாள் காலையில விசில்காரங்க வீடு வீடா வந்தாங்க. ஒளிச்சு வெச்சவனுக்கும் அதே கதின்னாங்க. இவ மாசமா இருந்தா."

"அதனால?"

"அவங்க தொழுவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நானே..." அவன் கை காற்றில் எதையோ பிடித்து இறக்கியது. "அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான் அண்ணி. சோறு கொண்டாந்திருக்கேன்னு நினைச்சுட்டான்."

யாரோ விசும்பினார்கள். நானில்லை. எனக்கு அழுகை வந்து பல வருஷமாகிறது.

"தபால்காரரைச் சொன்னே. சாலைத்தடையைச் சொன்னே. இதைச் சொல்றதுக்கு என்ன? கூட நாலு வருஷம் உள்ள இருந்திருப்பே. இப்படி மாட்டு ஆணை போட்டு என்னைச் சதுப்புலயும் கக்கூஸ்லயும் தோண்ட வெச்சியே."

"மத்தவங்களை எல்லாம் சொல்ல முடிஞ்சுது," என்றான். "மாடு குடுத்தவனை... அதைச் சொல்ல வாய் வரல. ஆணைதான் வந்துது."

அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"ஒரு மண்வெட்டி குடுங்க," என்றேன்.

யாரும் அசையவில்லை. முதலில் அசைந்தவர் கமாலியேல். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், டையைக் கழற்றினார். "பொண்ணு கேக்கற பேச்சை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்," என்று தன் ஆட்களிடம் சொன்னார். "பசுவை நிழல்ல கட்டுங்க. மண்வெட்டி எங்க இருக்கு?" கசியான் வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

தொழுவத்துக்குப் பின்னால் அந்த வாழைக்கூட்டம் அடர்ந்து நின்றது. பழைய தார்கள் விழுந்து அழுகி மக்கிய இடம். குன்றில் எல்லா வாழையும் வாடிப்போன வருஷத்தில் இது மட்டும் கறுகறுவென்று இலை விரித்திருந்தது. எத்தனையோ தடவை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்து, என்ன செழிப்பு என்று நினைத்திருக்கிறேன்.

வெட்டித் தள்ளினார்கள். கிழங்கை நெம்பினார்கள். போலீசுக்குச் சொல்லியனுப்பியிருந்தது. மெல்கியோர் எங்கேயும் ஓடவில்லை. தொழுவத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளைப் பையன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். அவன் எங்கள் பக்கமா அவர்கள் பக்கமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அவன் வயதுக்காரர்களிடம் கேட்கவும் கூடாது.

"மெதுவா," என்றேன். "மண்வெட்டியைப் போட்டுட்டு இனிமே கையால."

எனக்குத் தெரியும், எந்த ஆழத்தில் கையால் எடுக்க வேண்டும் என்று. அதில் பழகிவிட்டேன்.

வேர் பின்னிய மண்ணுக்குள்ளிருந்து மாப்பிள்ளைப் பையன் ஒரு ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தான். அதற்குள் கால் எலும்பு இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அசரியாவின் வலது பூட்ஸ் குதிகாலில் கிழிந்திருந்தது. சைக்கிள் டியூபில் சிவப்புத் துண்டு வெட்டி நான்தான் ஒட்டினேன், அந்த மார்ச்சில். கறுப்பு டியூப் கிடைக்கவில்லை. "சிவப்பா ஒட்டினா ஊரே என் குதிகாலைத்தான் பார்க்கும்" என்று குறைப்பட்டுக்கொண்டார். குதிகாலில் களிமண் இறுகிக் கல்லாகியிருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். ஸ்பெசியோசா. கல்யாணச் சேலையில் கள் கறை. கையில் ஒரு சொம்பு தண்ணீர். வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், தாகமாயிருக்கும் என்று கொண்டுவந்திருக்கிறாள். சொம்பைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தாள், நான் பார்க்கும்படி. பிறகு நீட்டினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்க்கா. வாழைக்கன்னு வாங்கியாந்தது நாந்தான்."

என் தொண்டை காய்ந்துதான் கிடந்தது. சொம்பை வாங்கினேன். குடிக்கவில்லை. பூட்ஸின் குதிகாலில் ஊற்றித் தேய்த்தேன். மண் கரைந்து பழுப்பாக ஓடியது. ஓரத்தில் கொஞ்சமாகச் சிவப்புத் தெரிந்தது.

காலிச் சொம்பை அவளிடம் நீட்டினேன்.

"பத்தாது," என்றேன். "குடத்துல கொண்டா."

அவள் புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள்.